மணமகளைக் கேட்காத மணம்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், மதுரவாயலைக் கடந்ததும் காண்பது வானகரம். ஒரு காலத்துச் சிற்றூர். இன்றோ, சரக்கு வண்டிகளின் இரைச்சலும், மீன் அங்காடியின் ஆரவாரமும், அடுக்குமாடிகளின் அணிவகுப்பும் கொண்ட புறநகர். அங்கே பெரியதொரு திருமண மண்டபம் உண்டு. பல நாட்களில் அங்கே மணம் நடக்கும். சில நாட்களில் அரசியல் நடக்கும்!

2016 டிசம்பர் 29, 2017 செப்டம்பர் 12, 2022 ஜூன் 23, அதே ஆண்டு ஜூலை 11 — இந்நாட்களில் எல்லாம் அ.இ.அ.தி.மு.க.வின் பொதுக்குழு கூடியது வானகரத்தில்தான். தலைமை யாருக்கு, தலைமை ஒன்றா இரண்டா என்ற வினாக்களுக்கு விடை கண்டது அந்த மண்டபம். அக்கட்சியின் உள்வீட்டுப் பூசலில் நமக்கு அக்கறை இல்லை. எவர் வென்றார், எவர் வெளியேறினார் என்று பட்டியலிடவும் நாம் பேனா எடுக்கவில்லை. நம் உள்ளத்தில் எழுந்த எண்ணம் வேறு. அரசியல் முடிவுகளைச் செய்யத் திருமண மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தார்களே, இதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைக்குமா என்பதே அந்த எண்ணம்!

ஏன் பொருத்தம் என்கிறோம்? தேர்தல் வரும் காலத்தில் இந்நாட்டில் நடப்பது மணப்பேச்சு அன்றி வேறு என்ன? அந்தக் கட்சிக்கும் இந்தக் கட்சிக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள். தரகர்கள் தில்லிக்கும் சென்னைக்கும் பறக்கிறார்கள். சீர் எத்தனை, செனத்தி எத்தனை என்று பேரம் நடக்கிறது. 20 தொகுதி கேட்பார் ஒருவர், 12 தருவேன் என்பார் மற்றவர், நள்ளிரவில் 15-க்கு முடியும். கூட்டணி பற்றி முடிவெடுக்கும் முழு அதிகாரத்தையும் தலைமைக்கே வழங்குகிறோம் என்று தீர்மானம் போட்டுக் கைதட்டுகின்றன கட்சிகள். இது ஒரு கட்சியின் வழக்கமன்று. எல்லாக் கட்சிகளின் வழக்கமும் இதுவே. பிறகு மாலை, மேளம், மேடை, புகைப்படம்!

எல்லாம் சரி. மணமகள் எங்கே?

மணமகள் இந்நாட்டு வாக்காளர். அவரை யாரும் கேட்கவில்லை. முகூர்த்த நாளன்று அவரை அழைத்து வந்து, கையிலே ஒரு பொறியைக் காட்டி, இந்தப் பொத்தானை அழுத்து என்கிறார்கள். அழுத்துகிறார். வாழ்க ஜனநாயகம் என்கிறார்கள்!

பெற்றோர் பேசி முடித்த இடத்தில் பெண் கழுத்தை நீட்டவேண்டும் என்ற பழைமையை எதிர்த்து, இருவர் உள்ளமும் ஒப்பினால்தான் மணம் என்று முழங்கியது சுயமரியாதை இயக்கம். ஏளனம் செய்தனர், எதிர்த்தனர், செல்லாது என்றனர். அந்த மணம் செல்லும் என்று 1967-இல் இந்த மாநிலத்துச் சட்டசபை சட்டம் செய்தது. வீட்டு வாசலில் வெற்றி கண்ட அந்தக் கொள்கை, வாக்குச்சாவடி வாசலில் ஏன் நின்றுவிட்டது? கேட்கிறோம்.

வானகரம், மதுரவாயல் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு அத்தொகுதி கண்ட முதல் தேர்தல் 2011-இல். அப்போது வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளர். அக்கட்சி அன்று அ.இ.அ.தி.மு.க. அணியில் இருந்தது. 2016-இல் வென்றது அ.இ.அ.தி.மு.க.; 2021-இல் வென்றது தி.மு. கழகம். 2011-இல் அரிவாள் சுத்தியல் சின்னத்தில் விழுந்த வாக்குகளில் பொதுவுடைமைக்கு விழுந்தவை எத்தனை, இரட்டை இலைக்காக விழுந்தவை எத்தனை, அன்றைய ஆட்சியின்மீது கொண்ட கோபத்தால் விழுந்தவை எத்தனை? கூறக்கூடியவர் உண்டா? இல்லை. ஏனெனில் அந்த வினாவே வாக்காளரிடம் கேட்கப்படவில்லை!

குற்றம் கட்சிகளின் பேராசையில் மட்டும் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள், தோழர்களே. பேராசை உண்டு, பேரமும் உண்டு. ஆனால், நல்லவரையும் அந்த மண்டபத்துக்கு இழுத்துச் செல்வது ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நாம் ஆராய வேண்டும்.

ஒரு தொகுதியில் 100 பேர் வாக்களிக்கிறார்கள். ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 33, மூன்றாமவருக்கு 32. முதல்வர் வென்றார். மற்ற 65 பேரின் வாக்கு? காற்றிலே கரைந்தது! இப்படி 234 தொகுதிகளிலும் நடந்தால் என்ன ஆகும்? மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கினரின் ஆதரவு பெற்றவர் கோட்டையைப் பிடிக்கலாம். ஐந்தில் ஒரு பங்கினரின் ஆதரவு பெற்றவர் வெறுங்கையுடன் வீடு திரும்பலாம்.

வானகரத்து மீன் அங்காடிக்கு வாருங்கள். ஒருவர் ஒரு கிலோவுக்குப் பணம் தருகிறார். ஒரு கிலோ பெறுகிறார். இன்னொருவர் அரைக் கிலோவுக்குத் தருகிறார். அரைக் கிலோ பெறுகிறார். ஒரு கிலோக்காரர் பக்கத்திலே நிற்கிறார் என்பதற்காக, அரைக் கிலோக்காரரின் மீனையும் எடுத்து அவர் பையிலே போட்டுவிட்டு, இவரை வெறும் பையுடன் அனுப்பினால் அங்காடி என்ன ஆகும்? அமளி ஆகும்! படிப்பறியாத மீன்காரரின் தராசுக்கு இருக்கும் நேர்மை, சட்டம் படித்தோர் வகுத்த தேர்தல் தராசுக்கு இல்லை!

கற்பனை என்பார்கள். ஏடு புரட்டிக் காட்டுவோம்.

1962-இல் காங்கிரசுக்கு இம்மாநிலத்தில் நூற்றுக்கு 46.14 வாக்கு, 206 இடங்களில் 139 கிடைத்தது. 1967-இல் அதே காங்கிரசுக்கு 41.10 வாக்கு, 234 இடங்களில் 51 மட்டுமே. குறைந்த வாக்கு நூற்றுக்கு 5. பறிபோன இடங்கள் 88! அவ்வாண்டு ஆட்சி அமைத்த தி.மு. கழகம் பெற்றது 40.69 வாக்கு, இடங்கள் 137. அதாவது, தோற்ற கட்சிக்கு வென்ற கட்சியைவிட வாக்கு அதிகம்!

இதைக் கூறும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். 1967-இன் வெற்றியைக் குறை கூறுகிறீர்களா என்பார்கள். இல்லை. கழகம் அன்று போட்டியிட்டது 174 இடங்களில். மற்ற இடங்களைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. அத்தோழமைக் கட்சிகளின் வாக்கையும் கூட்டிப் பார்த்தால் மக்கள் விரும்பியது மாற்றத்தையே என்பது தெளிவு. ஆனால், 1962-க்கும் 1967-க்கும் இடையே நேர்ந்த பெரிய மாறுதல்களில் ஒன்று, சிதறிக் கிடந்த எதிர்ப்பு ஓரணியில் சேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. கணக்கு அவர்களை மணமேடைக்கு அனுப்பிற்று. நமக்கு இனித்த முடிவைத் தந்தது என்பதற்காக ஒரு கணக்கை நீதி என்று கூறோம். இனிப்பு வேறு, நீதி வேறு. பகுத்தறிவாளர் அந்த வேறுபாட்டை அறிந்தவர்.

அந்தக் கணக்கு யாரையும் விட்டுவைக்கவில்லை. 1991-இல் தி.மு. கழகத்துக்கு நூற்றுக்கு 22.46 வாக்கு, கிடைத்த இடம் 2. 1996-இல் அ.இ.அ.தி.மு.க.வுக்கு 21.47 வாக்கு, கிடைத்த இடம் 4. வாக்கின் அளவுப்படி இரு கட்சிக்கும் ஏறத்தாழ 50 இடம் கிடைத்திருக்க வேண்டும். 2006-இல் அ.இ.அ.தி.மு.க.வுக்கு 32.64 வாக்கு, 61 இடம், தி.மு. கழகத்துக்கு 26.46 வாக்கு, 96 இடம். 2021-இல் தனித்து நின்ற நாம் தமிழர் கட்சிக்கு நூற்றுக்கு 6-க்கு மேல் வாக்கு. இடம் ஒன்றும் இல்லை. அக்கட்சியின் கொள்கை நமக்கு உடன்பாடா இல்லையா என்பது இங்கே கேள்வியன்று. நமக்குப் பிடிக்காதவரின் வாக்கும் வாக்குத்தான். அதை ஒப்புக்கொள்ளும் மனம் இல்லாதவன் ஜனநாயகம் பேசத் தகுதியற்றவன்.

இனி, சாதியை எண்ணிப் பாருங்கள். சாதி ஒழிப்பு பேசும் நாட்டில், வேட்பாளர் தேர்வு நாளன்று கட்சி அலுவலகங்களில் விரிக்கப்படும் ஏடு எது? இந்தத் தொகுதியில் எந்தச் சாதி மிகுதி, எந்தச் சாதி எதனுடன் சேரும் என்ற ஏடு! தலைவர்கள் அனைவரும் உள்ளத்தாலே சாதி வெறியர்கள் என்று நாம் கூறமாட்டோம். அவர்களை அந்த ஏட்டைப் புரட்டவைப்பதும் அதே கணக்குத்தான். ஒரே இடத்தில் செறிந்து வாழ்வது சாதி. ஊரெங்கும் பரந்து வாழ்வது கொள்கை. ஒரு வட்டாரத்தில் திரண்டிருக்கும் 30,000 பேருக்கு இத்தேர்தல் முறை மாலை போடும். மாநிலம் முழுவதும் பரவியிருக்கும் 10 லட்சம் கொள்கையாளர்களை ‘நீங்கள் யார்?’ என்று கேட்கும்!

1952-ஐப் பாருங்கள். அன்றைய சென்னை ராஜ்யத்தில் இடங்கள் 375. காங்கிரஸ் வென்றது 152. பெற்ற வாக்கு நூற்றுக்கு 35-க்கும் சற்றுக் குறைவு. மெஜாரிட்டி இல்லை. எதிரணியினர், பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஐக்கிய முன்னணி அமைத்து, ஆட்சி உரிமை கோரினர். கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்தது யாரை? தேர்தலிலே நிற்காத ஆச்சாரியாரை! மேல்சபைக்கு நியமனம் செய்து, ஏப்ரல் 10-இல் முதல்வராக்கினார். பிறகு ஆள் சேர்ப்பு. வட தமிழ்நாட்டில் ஒரு சாதியினரின் வலிவைத் திரட்டி எழுந்த இரு கட்சிகள் — உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், காமன்வீல் கட்சிக்கு 6 இடம். காமன்வீல் தலைவர் மாணிக்கவேலர் மந்திரியானார். 6 இடங்கள் ஆட்சிக்கு முட்டுக்கொடுத்தன. கொள்கை மாறிற்றா? மக்கள் கேட்டார்களா? இல்லை. அந்த மந்திரிசபைதான் 1953-இல் குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது! தகப்பன் தொழிலை மகன் கற்கட்டும் என்று கூறத் துணிந்த ஆட்சி, மக்களில் மூன்றில் இரு பங்கினர் வாக்களிக்காத கட்சியின் ஆட்சி என்பதை இளைஞர்கள் மனத்தில் பொறித்துக்கொள்ள வேண்டும்.

அறிஞர்கள் சிலர் உடனே எழுந்திருப்பர். “ஐயா, வாக்குக்கு ஏற்ப இடம் என்னும் விகிதாசார முறை வந்தால் எவருக்கும் மெஜாரிட்டி வராது. கூட்டணி ஆட்சிதான் வரும். கூட்டணி என்றால் குழப்பம், கவிழ்ப்பு, கட்சித் தாவல்!” என்பர்.

கவிழ்ந்ததுண்டு; மறைக்கவில்லை. 1967-க்குப் பின் வடநாட்டில் அமைந்த கூட்டு மந்திரிசபைகள் சீட்டுக்கட்டு வீடுகளாகச் சரிந்தன. 1979-இல் ஜனதா ஆட்சி, 1990-இல் தேசிய முன்னணி ஆட்சி, 1998-க்குள் ஐக்கிய முன்னணி ஆட்சி — அத்தனையும் அற்பாயுள். ஆனால், கவனியுங்கள்: இவை அத்தனையும் இப்போதுள்ள முறையிலேதான் நடந்தன! விகிதாசாரம் வந்ததால் கவிழவில்லை.

கேரளத்தைப் பாருங்கள்: அச்சுத மேனனின் கூட்டு மந்திரிசபை 1970 முதல் 1977 வரை நின்றது. மேற்கு வங்கத்தில் இடதுசாரி முன்னணி 1977 முதல் 2011 வரை, 34 ஆண்டுகள். நம் மாநிலத்தில் 2006-இல் 96 இடங்களுடன் சிறுபான்மை அரசாக அமைந்தது தி.மு. கழக ஆட்சி, ஐந்தாண்டும் முடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1949-இல் வகுத்த சட்டம், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கும் தலைவரைக் கவிழ்க்க முடியாது என்றது. இடிப்பவன் கட்டவும் தயாராக வரவேண்டும்! அந்த விதியைக் கொண்டு நடப்பு ஆட்சித் தலைவர் மாற்றப்பட்டது 1982-இல் ஒரே ஒரு முறைதான்.

இனி, கவிழாத ஆட்சியின் அழகையும் காண்போம். 1971-இல் நூற்றுக்கு 43.68 வாக்கு பெற்று 352 இடங்களுடன் அமர்ந்தார் இந்திரா காந்தி. நிலையான ஆட்சி! அந்த நிலையான ஆட்சிதான் 1975-இல் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது. ஏடுகளின் வாயைக் கட்டிற்று. 1976 ஜனவரி 31-இல் இம்மாநிலத்து அமைச்சரவையைக் கலைத்தது. மாறாக, நிலையற்ற ஆட்சி என்று ஏளனம் செய்யப்பட்ட வி.பி. சிங்கின் கூட்டு ஆட்சி என்ன செய்தது? ஓராண்டும் நிறைவதற்குள் 1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம். ஆகஸ்டில் மண்டல் குழுவின் பரிந்துரைப்படி பிற்பட்டோருக்கு 27 சதவிகித இட ஒதுக்கீடு! நாட்டுக்கு நன்மை செய்வது நாற்காலியின் உறுதியா, அதில் அமர்ந்திருப்பவர் பிறர் சொல் கேட்கவேண்டியிருக்கும் நிலையா? எண்ணிப் பாருங்கள்.

கடலுக்கு அப்பால், நம் இரத்தத்தின் இரத்தம் சிந்திய இலங்கைத் தீவையும் எண்ணுங்கள். 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 38 வாக்கு, இடம் 17. சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு அதைவிடக் குறைவாக ஏறத்தாழ 37 வாக்கு, இடம் 91! இடதுசாரித் தோழர்களுடன் சேர்ந்து 151-இல் 116 இடங்கள். மக்களில் பாதிப்பேரின் வாக்குக்கூட இல்லை. சட்டசபையில் நான்கில் மூன்று பங்கு! அந்தப் பொய் வலிவைக் கொண்டுதான் 1972-இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29-ஆம் பிரிவு போயிற்று. பௌத்தத்துக்கு முதலிடம் வந்தது. 1977-இல் கணக்கு மறுபுறம் சாய்ந்தது: சுதந்திரக் கட்சி 8 இடமாகச் சுருங்க, ஐக்கிய தேசியக் கட்சி 168-இல் 140 பிடித்தது. விகிதாசாரத்தை 1978 அரசியல் சட்டம் கொண்டுவந்தும் தமிழருக்கு நீதி கிடைத்துவிடவில்லை, அதையும் கூறிவிடுகிறோம். தேர்தல் கணக்கு ஒன்றே விடுதலை ஆகாது. ஆனால், தவறான கணக்கு, கொடுமை செய்ய எண்ணுவோரின் கையில் வாளைக் கொடுக்கும். அதை மறுக்க எவராலும் இயலாது.

அடுத்து ஒரு குரல்: “நம் மக்கள் படிப்பறியாதவர்கள், விகிதாசாரம் புரியாது!” அரசியல் நிர்ணய சபையில் விகிதாசார முறை வேண்டும் என்று காஜி கரிமுதீன் கேட்டபோது, 1949 ஜனவரியில் அண்ணல் அம்பேத்கரே எழுத்தறிவின்மையையும் ஆட்சி நிலையின்மையையும் காரணம் காட்டி மறுத்தார். அவர் கூற்றை நாம் மதிக்கிறோம். 1951 கணக்குப்படி இந்திய மக்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேர். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர். அன்று கூறிய காரணம் இன்று எங்கே? எந்த அறிஞரின் கூற்றையும் காலத்தோடு வைத்து ஆராய்வதே பகுத்தறிவு. கல்வெட்டாக்கிக் கும்பிடுவது அன்று.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. விகிதாசார முறை இந்நாட்டுக்குப் புதியதா? இல்லை! ராஜ்யசபை உறுப்பினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்களே, அது விகிதாசார முறைதான். வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால், 234 உறுப்பினர்களில் 34 பேரின் ஆதரவு பெற்றவர் உள்ளே செல்கிறார். பெரிய கட்சி ஆறையும் அள்ளிக்கொள்ள முடிவதில்லை. ஜனாதிபதி தேர்தலும் விருப்ப வரிசைப்படியே நடக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நீதி, அவரை அனுப்பிய மக்களுக்கு வேறொரு நீதி! மேல்தட்டுக்கு நுண்ணிய தராசு, கீழ்த்தட்டுக்கு ஓட்டைத் தராசு! இது வர்ணாசிரம வாடையன்றோ?

மூன்றாவது குரல்: “தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்தால்தானே குழாய் வரவில்லை, சாலை சரியில்லை என்று கேட்கலாம்?” நியாயமான கேள்வி. தொகுதி உறுப்பினர் இருக்கட்டும். ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி உறுப்பினருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சி வாக்கின் அளவுக்கு ஏற்பச் சபையின் பங்கு நிர்ணயமாகிறது. நூற்றுக்கு 5 வாக்கு என்ற வரம்பு உண்டு. ஆகவே ஆளுக்கொரு கட்சி என்ற அலங்கோலம் எழுவதில்லை. நியூசிலாந்தில் 1978-இலும் 1981-இலும் அதிக வாக்கு பெற்ற கட்சி தோற்றது, மக்கள் பொறுக்கவில்லை, 1993-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி இதே இரட்டை வாக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். இந்திய சட்டக் கமிஷனும் 1999-இல், ஒரு பகுதி இடங்களையேனும் கட்சிப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று கூறியிருக்கிறது. அறிக்கை அலமாரியிலே உறங்குகிறது!

பட்டியல் முறை வந்தால் ஒடுக்கப்பட்டோருக்குரிய இட ஒதுக்கீடு குறையக்கூடாது. பட்டியலிலும் அது கட்டாயமாக வேண்டும். பெண்களின் பெயர் ஒன்றுவிட்டு ஒன்று வரவேண்டும். 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் எத்தனை தெரியுமா? 12! பெண்ணுரிமை பேசிய மண்ணில் நூற்றுக்கு ஐந்து! இந்த வெட்கத்தைத் துடைக்கவும் அந்தப் பட்டியல் பயன்படும்.

இம்முறை வந்தால் மண்டபத்துப் பேரம் என்ன ஆகும்? தேர்தலுக்கு முன்னே, தொகுதியைச் சீராகப் பேசி மணம் முடிக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்துவிடும். ஒவ்வொரு கட்சியும் தன் கொடியுடன், தன் கொள்கையுடன் மக்கள்முன் நிற்கும். மக்கள் அளந்து கொடுப்பார்கள். அளந்த பிறகு, யாருடைய வலிவு எவ்வளவு என்பது ஊரறிய விளங்கிய பிறகு, யார் யாருடன் சேர்வது, எந்தத் திட்டத்தின்மீது சேர்வது என்று எழுதி, கையொப்பமிட்டு, சட்டசபையில் வைத்து, ஆட்சி நடத்துவார்கள். அந்த ஒப்பந்தத்தில் மக்களின் அளவுகோல் இருக்கும். அது கூட்டணி. இன்று நடப்பது கொள்முதல்!

தானாக வருமா? வராது. அரசியல் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. அது திருத்தப்பட வேண்டும். திருத்தும் உரிமை பெற்றோர் எல்லாம் இந்தக் கணக்கால் நாற்காலி பெற்றோர். தோற்றபோது முனகுவர், வென்றபோது மறப்பர். ஆகவே, முனகல் முழக்கமாக வேண்டியது வீதியில்தான். தலையெழுத்து என்று பிரமன் பெயரால் கூறப்பட்ட விதியையே மறுத்தவர்கள் நாம். தேர்தல் விதி மனிதன் எழுதியது. மை காய்ந்து 80 ஆண்டுகூட ஆகவில்லை. இதற்கா அஞ்சுவது?

இளைஞர்களே! வாக்குக் கேட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவோரிடம் ஒரே ஒரு வினா வையுங்கள்: “என் வாக்கு தோற்றாலும் எண்ணப்படும் முறைக்கு நீர் சம்மதமா?” கட்சி எதுவாயினும் சரி, நீங்கள் சேர்ந்த கட்சியே ஆயினும் சரி, கேளுங்கள். படிப்பகங்களில் கேளுங்கள், பேச்சு மேடைகளில் கேளுங்கள், பொதுக்குழுக் கூடும் மண்டபத்தின் வாயிலில் நின்றும் கேளுங்கள்.

வானகரத்து மண்டபத்தில் இனியும் மணங்கள் நடக்கட்டும். சாதி பாராத, சீர் கேளாத, இருமனம் ஒப்பிய மணங்கள் நடக்கட்டும். நாமும் சென்று வாழ்த்துவோம். ஆனால், ஒரு நாட்டின் மணத்தை, மணமகளை வெளியே வெயிலில் நிற்கவைத்து, உள்ளே முடிக்கும் வழக்கம் ஒழியட்டும். அவள் உள்ளே வரட்டும். சம்மதமா என்று அவளைக் கேட்கட்டும். அவள் சொல்லும் சொல்லை, ஒரு சொல்லும் சிந்தாமல், எண்ணட்டும்!